கையெழுத்துப் போட்டவர்களின் தூக்கம்

சொர்ணத்தாய்க்குப் போட்ட ஊசியில் அவள் புருஷன் சண்முகவேல் தூங்கிப் போனது ஆனி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு. சூரங்குளம் மெயின் ரோட்டில், பச்சை கேட் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த டீக்கடையில், ஒரு கையில் வடையும் மறு கையில் கிளாசுமாக நின்றுகொண்டிருந்த மனுஷன், பெண்டாட்டியைச் சேர்க்கிற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நின்ற நிலையிலேயே கண் சொருகி, முழங்கால் மடங்கி, டீ மாஸ்டரின் காலடியில் சாக்குமூட்டை மாதிரிச் சரிந்தான். உள்ளே, மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க இடுப்பில் ஊசி வாங்கிய சொர்ணத்தாய், இப்போது மயக்கம் வரும், இதோ வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். சோற்று மணி அடித்தது, வரவில்லை. வேப்பமரத்தில் காக்கைகள் அடையத் தொடங்கின, அப்போதும் வரவில்லை. அவள் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

அவள் செய்த குற்றம் இதுதான். சூரங்குளம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள், நாற்பது வயது. சண்முகவேல் தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. ஒரே பெண் கௌசல்யா, பதினொன்றாவது படிக்கிறாள், பதினாறு முடிந்து இரண்டு மாதம். அவளை ஆவணியில் தன் அக்காள் மகனுக்குக் கட்டிக் கொடுப்பதென்று சண்முகவேல் வெற்றிலைபாக்கு மாற்றிவிட்டு வந்தான். சொர்ணத்தாய் வேண்டாம் என்றாள். சோறு போடும்போது சொன்னாள், துணி துவைக்கும்போது சொன்னாள், அவன் சொந்தக்காரர்கள் கூடியிருந்த வீட்டின் நடுவில் நின்று சொன்னாள், அங்கே ஒருவருக்கும் காது இல்லை என்று தெரிந்த பிறகு, பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகளுக்காக எழுதிப் போட்டிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள், சண்முகவேலிடம் எழுதி வாங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரி வேன் வந்தது. கட்டின புருஷனைப் பற்றி கவர்மெண்டுக்குச் சொல்கிறவளுக்குப் புத்தி சரியாக இருக்குமா என்று தெருவில் கேட்டார்கள். டாக்டர் அம்பலவாணன் அதையே இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.

அந்த ஊரில் பச்சை கேட் என்றால் ஆஸ்பத்திரி என்று அர்த்தமில்லை, மிரட்டல் என்று அர்த்தம். அடங்காத பெண்டாட்டிக்கு, வாசலில் நின்று பங்கு கேட்ட தம்பிக்கு, வேறு தெருப் பையனோடு பேசிய தங்கச்சிக்கு, காதில் யாரோ பேசுகிறார்கள் என்று சொன்ன தகப்பனுக்கு, எல்லோருக்கும் அந்த ஒரே கேட், அந்த ஒரே ஊசி. காலை பத்தரைக்கு ஒரு மணி அடிக்கும், மதியம் மூன்றுக்கு ஒரு மணி அடிக்கும். அந்தத் திங்கட்கிழமை உள்ளே நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள், அவர்களுக்குப் போட்ட மருந்தெல்லாம் அவர்களை விட்டுவிட்டு, அவர்களைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப் போனது.

கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கப் போன கை இலைமேல் அப்படியே கிடந்தது. ஜவுளிக்கடைக்காரர் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபடியே அந்தச் சேலைமேல் படுத்துக்கொண்டார். ரேஷன் கடை வரிசையில் பைகள் நகர்ந்தன, பைக்காரர்கள் நகரவில்லை. எழுந்தபோது அவர்களுக்கு எச்சில் ஒழுகியது, நாக்கு தடித்துப் போயிருந்தது, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிப் பார்த்தார்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பார்த்தார்கள், வெயில் என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார்கள், அதன் பிறகு பழகிக்கொண்டார்கள். டவுன் பஸ்சில் கடைசி நீள சீட்டைத் தூங்குகிறவர்களுக்கென்று விட்டார்கள். டெய்லர் சட்டைப் பைக்கு மேலே வீட்டு விலாசத்தைத் தைத்துக் கொடுத்தார். பத்திரிகை அடிக்கிறவர், முகூர்த்தம் பத்தரைக்கும் மூன்றுக்கும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்யாண வீட்டாருக்கு எடுத்துச் சொன்னார்.

காரணத்தை முதலில் சொன்னவர் டீ மாஸ்டர். அவர் கடையிலிருந்து பச்சை கேட்டும் தெரியும், தெருவும் தெரியும். உள்ளே மணி அடித்தால் வெளியே விழுகிறார்கள், அதுவும் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும்தான் விழுகிறார்கள் என்று பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். கேட்டவர்கள் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு, தங்களுக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார்கள்.

சேதி சுவர் தாண்டி உள்ளே வந்த அன்று சொர்ணத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நின்றாள். இனி வருவார்கள் என்று நினைத்தாள். மருந்து என்ன செய்யும் என்று அவரவர் உடம்பிலேயே தெரிந்துவிட்டது, இனி அண்ணன் வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போவான், மகன் வந்து தகப்பனைக் கூட்டிக்கொண்டு போவான் என்று நினைத்தாள். கூட்டம் வரத்தான் செய்தது. கழுத்து கோணிய ஆண்களும் எச்சிலைத் துடைத்துக்கொண்ட பெண்களும் டாக்டர் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூட ஆளைக் கூட்டிப் போக வரவில்லை, கையெழுத்தை மாற்ற வந்திருந்தார்கள். ஒருவன் தன் பேரை அடித்துவிட்டு மாமியார் பேரைப் போடச் சொன்னான். இன்னொருவன் பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுக்கிற ஒரு பெரியவரின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து வந்திருந்தான். அதெல்லாம் செல்லவில்லை, முதலில் போட்டவர்தான் விழுந்தார். அன்றைக்குச் சொர்ணத்தாய்க்கு வயிற்றில் மூண்ட கோபம் அதன் பிறகு அணையவில்லை. சாப்பிடும்போதும் எரிந்தது, குளிக்கும்போதும் எரிந்தது.

டாக்டர் அம்பலவாணன் ஊசியை நிறுத்திவிட்டுக் கட்டிப் போடச் சொன்னார். கட்டில் கம்பியில் துணிப் பட்டியால் கையைக் கட்டினார்கள். ஊருக்குள் சும்மா நடந்துகொண்டிருந்தவர்களின் கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன, மணிக்கட்டில் தடிப்புத் தடிப்பாக ரத்தம் கட்டியது. பெண்டாட்டிகள் ஊட்டிவிட்டார்கள், பிள்ளைகள் வேட்டி கட்டிவிட்டார்கள், கொஞ்ச நாளில் அதுவும் பழகிப் போனது. பிறகு உள்ளே இருந்தவர்களுக்குத் தலையில் கரண்ட் வைத்தார்கள். சுதந்திர தினத்துக்கு ஒத்திகை பார்க்க என்று கொடிக் கம்பத்தின் கீழே நின்ற பஞ்சாயத்துத் தலைவர், தன் கூடப்பிறந்த அக்காளைப் பச்சை கேட்டில் விட்டிருந்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் வெட்டி வெட்டி இழுத்து விழுந்து, வேட்டியை நனைத்துக்கொண்டார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அவருடைய ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த மிஷினை மட்டும் எடுத்து வைத்துவிடச் சொன்னார்கள். அக்காளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கிடையில் உள்ளே இருந்தவர்களுக்குத் தெளிந்துகொண்டே வந்தது. ராஜாத்தி என்ற பெண் ஆறு வருஷமாக அங்கே இருந்தாள். அண்ணன் அய்யாத்துரை டவுன் பஸ் கண்டக்டர், அவன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்காக அவனே கொண்டுவந்து விட்டவள். சொர்ணத்தாய் சேர்ந்த அன்று ராஜாத்தியின் வாயிலிருந்து கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வரும். பத்து நாளில் அது சொல்லானது, இருபது நாளில் வாக்கியமானது, அதன் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. கிட்டிப்போன பல் வலித்ததை, தலையை மழித்ததை, மழைக்காலத்தில் ஈரத் தரையில் படுக்க வைத்ததை, எல்லாவற்றையும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வார்டில் எபனேசர் என்பவர் இருந்தார். தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் மனு எழுதிக் கொடுத்தவர். வெயில் காய விடும் நேரத்தில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, ஜில்லாக் கோர்ட்டில் மனநல மறுஆய்வு வாரியம் என்று ஒன்று உண்டு, அடைத்து வைத்தவர்கள் அதற்கு மனுப் போடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, தாள்தான் இல்லை என்று சொர்ணத்தாயிடம் சொன்னார்.

தாளை டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார். யோசித்து யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். உள்ளே இருப்பவர்களே, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் இங்கே தங்குகிறோம், சிகிச்சைக்குச் சம்மதிக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், மருந்து வெளியே போக வழியில்லை. கட்டில் கட்டிலாக வந்தார். ஒருத்திக்குப் பிள்ளையோடு போன் பேசலாம் என்றார், ஒருவருக்குக் கறிச்சோறு என்றார், ராஜாத்திக்கு உன் அண்ணன் வந்து பார்ப்பான் என்றார். இருபத்தொன்பது பேர் போட்டார்கள், ராஜாத்தியும் போட்டாள். அன்று மூன்று மணி ஊசிக்கு அந்த இருபத்தொன்பது பேரும் கட்டிலில் விழுந்தார்கள். வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்த ராஜாத்தி பாதி வாக்கியத்தில் நின்றாள். ஊரில் இருபத்தொன்பது வீடுகளில் அன்று பாயசம் வைத்தார்கள்.

சொர்ணத்தாய் தாளையும் பேனாவையும் வாங்கி, படித்துப் பார்த்துப் போடுகிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் சுவரோரத்தில் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சொல்லுங்கள் அண்ணாச்சி என்றாள். எபனேசர் பழக்கத்தில், தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் மனு என்று தொடங்கினார். தாழ்மை வேண்டாம் என்றாள். அது இல்லாமல் மனுவுக்குத் தலை கிடையாதம்மா என்று அவர் சங்கடப்பட்டார். அவள் தன் பேரை முதலில் எழுதி, அதன் கீழே தொடர்ந்து எழுதினாள். கடைசியில் தானே ஒரு வரி சேர்த்து அவருக்கு வாசித்துக் காட்டினாள்: எனக்குப் பைத்தியம் இல்லை, பைத்தியங்களோடு என்னைச் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.



"எனக்குச் சத்தம் கேக்கத்தான் செய்யுது தங்கச்சி," என்றார் எபனேசர். "இருபத்தஞ்சு வயசிலிருந்து கேக்குது. அதக் கேட்டுக்கிட்டேதான் ஊருக்கெல்லாம் மனு எழுதுனேன், மகனைப் படிக்க வச்சேன். நீ எழுதியிருக்கிறபடி பார்த்தா, என்னை மட்டும் கட்டிப் போட்டாச் சரிதானா?"

சொர்ணத்தாய்க்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாள் தன்னைச் சுற்றிப் படுத்திருந்தவர்களைத் தெருவில் இருப்பவர்கள் பார்க்கிற அதே கண்ணால்தான் தானும் பார்த்துவந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வரியைக் குறுக்கே அடித்து, எங்களில் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை என்று எழுதினாள்.

அவள் கையெழுத்துப் போடாமல் நாளைக் கடத்த, சண்முகவேலுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. தாலி எடுத்துக் கொடுக்கும்போது கை வராமல் போனால் என்ன செய்வது என்று அவன் அக்காள் அரித்தெடுத்தாள். ஒருநாள் காலை, பெற்ற பெண்ணைப் பார்த்தால் மனசு இறங்கும் என்று கௌசல்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். டாக்டர் அறையில் உட்கார வைத்து, சொர்ணத்தாயின் கட்டை அவிழ்த்துக் கூட்டி வந்தார்கள். பெண் பாதியாக இளைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது என்றாள், அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. சொர்ணத்தாய் அவளைக் கட்டிப் பிடித்து, மடித்த தாளை அவள் தாவணிக்குள் செருகி, ஜில்லாக் கோர்ட்டு, பதினோரு மணி பஸ், திரும்பிப் பார்க்காதே என்று காதுக்குள் சொன்னாள். பிறகு விலகி நின்று, மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தாள்.

பேப்பர் வெயிட் உருண்டது, மை கொட்டியது, டாக்டர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பழகின கைகள் யோசிக்கவில்லை. வார்டு ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவளை அமுக்க, ஒருவன் ஊசியை ஏற்றிவிட்டான். வேண்டாம், வேண்டாம், அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், சண்முகவேல் பெஞ்சிலிருந்து வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தான். கௌசல்யா தகப்பனின் காலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போய்ப் பஸ் ஏறினாள். அது அய்யாத்துரையின் பஸ். எங்கே போகிறாய் என்று கேட்டான், சொன்னாள். எதற்கு என்று கேட்டான், அதையும் சொன்னாள்.  கோர்ட் நிறுத்தத்தில் பஸ்சை நிறுத்திவிட்டுத் தானும் இறங்கி, மனுக் கொடுக்கிற ஜன்னல் வரைக்கும் அவளோடு போனான்.

பதினோராம் நாள் வாரியத்தார் வந்தார்கள். ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாளும் கூட இரண்டு பேரும். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு விசாரணை. டாக்டர் இருபத்தொன்பது சம்மதப் படிவங்களையும் அடுக்கி வைத்தார். ஆட்களைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் தனக்குச் சர்க்கரை வியாதி என்றார். பஞ்சாயத்துத் தலைவர் வெயில் என்றார். சண்முகவேல், மணிக்கட்டுத் தடிப்பை முழுக்கைச் சட்டையால் மூடிக்கொண்டு, தீப்பெட்டி ஆபீசில் வேலை ஜாஸ்தி, அசதி என்றான். சொர்ணத்தாய் எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். இப்படித் தோன்றுவதும் வியாதியின் ஒரு குணம்தான் என்று டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார். நீதிபதி அம்மாள் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அய்யாத்துரை காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தான். அவனை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

"அய்யாமாரே, நான் நாப்பது நாள் அந்தத் தூக்கம் தூங்கியிருக்கேன்," என்றான். "அது தூக்கம் இல்ல. எல்லாம் கேக்கும். ஈ வந்து கண்ணுல உக்காரும், ஓட்டக் கை வராது. தண்ணி வேணும்னு நெனப்பேன், நாக்கு புரளாது. என் பிள்ளைக என்னைத் தாண்டித் தாண்டிப் போகும். அப்புறம் ஒருநாள் மூணு மணிக்கு நான் முழிச்சிக்கிட்டே இருந்தேன். வீட்டுல பாயசம் வச்சாங்க. எனக்கு இறங்கல. அது என்னை விட்டுட்டு எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியுமே. எந்தங்கச்சிகிட்டத் திரும்பப் போயிருச்சு. நாப்பது நாளுக்கே நான் செத்துட்டேன். அவ ஆறு வருஷம்."

 நீதிபதி அம்மாள் பேனா மூடியைக் கழற்றி எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் எழுதினார், தாளைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார்.

சொர்ணத்தாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"இதையேதான் ராஜாத்தி வாய் வந்த நாளிலிருந்து சொல்லிக்கிட்டு இருந்தா," என்றாள். "நானும் இப்பத்தான் சொன்னேன். அப்ப உங்க பேனா திறக்கலியேம்மா."

 நீதிபதி அம்மாள் அந்த வார்த்தையையும் எழுதிக்கொண்டார்.

கேட்டைத் திறந்துவிட உத்தரவானது. வெளியேறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு தாள் அடித்துக் கொண்டுவந்தார்கள். அதில் குணமடைந்து வெளியேறினார் என்று இருந்தது. சொர்ணத்தாய் அதை வாங்கவில்லை. இவர்கள் என்னைக் குணப்படுத்தவில்லை, அடைத்து வைத்தார்கள், அதை எழுதித் தாருங்கள் என்றாள். அது அச்சுப் படிவம், மாற்ற முடியாது என்றார் குமாஸ்தா. அப்படியானால் மாறுகிற வரைக்கும் இருக்கிறேன் என்று கட்டிலுக்குத் திரும்பி உட்கார்ந்தாள். எபனேசரும் தாளைத் திருப்பிக் கொடுத்தார். தனக்குக் குணமாகவும் இல்லை, ஆக வேண்டும் என்று தான் யாரையும் கேட்கவும் இல்லை என்றார். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போன ராஜாத்தி அங்கேயே நின்று, தலையை மட்டும் ஆட்டி, திரும்பி வந்தாள். கேட் அகலத் திறந்து கிடந்தது, நாற்பத்து மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. டீ மாஸ்டர் காலையும் மாலையும் தூக்குவாளியில் டீ கொண்டுபோனார், ஆடுகள் உள்ளே போய் மேய்ந்துவிட்டு வந்தன. டாக்டர் வேறு ஜில்லாவில் ஒரு கட்டடம் பிடித்து, கேட்டுக்கு நீல பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். அதைக் கேட்ட எபனேசர் அந்த ஊரின் பேரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் வேறு தாள் வந்தது. சம்மதமின்றி அடைத்து வைக்கப்பட்டிருந்தார் என்று அதில் இருந்தது. சொர்ணத்தாய் தன்னுடையதைப் படித்தாள், எபனேசருடையதையும் வாங்கிப் படித்தாள், இரண்டிலும் ஒரே வரி இருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

வெளியே கௌசல்யா நின்றிருந்தாள். கோர்ட்டில் சொல்லி அவளைப் பெண்கள் விடுதியில் விட்டிருந்தார்கள்; ஆவணி முகூர்த்தம் வந்தது, போனது, மணப்பெண் இல்லாமல் பந்தல் பிரித்தார்கள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது, சண்முகவேல் காலைத் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். இன்னும் அவனுக்குக் கழுத்து நேராகவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றான். ஊர் பார்க்கிறது என்றான். அவள் நிற்காமல் நடந்ததைப் பார்த்து, கடைசியாகக் குரலைத் தாழ்த்தினான்.

"சொர்ணம், நான் தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் நின்று, திரும்பி, அவன் முகத்தை முழுசாகப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் போட்டீங்க," என்றாள். "அது உங்க மேல விழும்ங்கிறது மட்டுந்தான் தெரியாது."